கத்தியின் முதுகில் ஒரு கட்டைவிரல்

மெருகுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, போன மாதம் என் அக்காள் மகன் சேதராப்பட்டில் உள்ள உங்கள் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்ட என்னை அழைத்துப் போனான். நல்ல வெளிச்சம், நல்ல இயந்திரம், காதைப் பொத்திக்கொள்ளக் கவசம்கூட வைத்திருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் நான் எடுத்துப் பார்த்த மடக்குக் கத்தி ஒவ்வொன்றிலும் வாய் பளிச்சென்று இருந்தது, முதுகு சொரசொரவென்று இருந்தது. ஏன் இப்படி விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "அது வெட்டுற பக்கம் இல்லையே ஆயா" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விருந்தாளியாகப் போன இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கத்தி வெட்டுவது வாயால்தான். ஆனால் அதைப் பிடித்திருக்கிறவன் அழுத்துவது முதுகில். விரல் அங்கேதான் குடியிருக்கிறது. இது எனக்கும் முதலில் தெரியாது. ஒரு கிளாரினெட்காரரின் கட்டைவிரலைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த காலம். புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை இருந்தது. சாணையில் என் வீட்டுக்காரர், அரத்தில் நான். கல்யாணமாகி வந்த புதிதில் சாணைச் சக்கரத்தைச் சுற்றிக் கொடுக்கத்தான் உட்கார்ந்தேன். என் கைக்கு அரம் நன்றாக வருகிறது என்று அவர் கண்டுகொண்டதும் மெருகு வேலை முழுவதும் என் தலையில் வந்து விழுந்தது. மீன் வெட்டுகிறவர்கள், முடி திருத்துகிறவர்கள், வாய்க்காலுக்குக் கிழக்கே துரைமார் வீடுகளில் சமைக்கிறவர்கள் என்று எல்லோரும் எங்களிடம் வருவார்கள். என் வீட்டுக்காரருக்குத் தொழிலில் ஒரே ஒரு வைராக்கியம். எந்தக் கத்தியானாலும் நுனியிலிருந்து அடிவரை ஒரே கோடாக இருக்க வேண்டும். ஓர் இடத்தில் மழுக்கி, ஓர் இடத்தில் விட்டிருந்தால் அது அவருக்குக் கத்தியே இல்லை. அப்படி வேலை செய்து கொடுத்த வேறு பட்டறைக்காரரின் பெயரைச் சொன்னாலே மூஞ்சியைச் சுளிப்பார்.

ஒரு நாள் காலையில் சவரிமுத்து வந்தார். மாதா கோவில் திருநாள் என்றால் தேருக்கு முன்னால் போகிற பேண்டில் கிளாரினெட் வாசிப்பவர். என் வீட்டுக்காரரைவிடச் சில வயது இளையவர், எங்கள் தெருவிலேயே வளர்ந்தவர். அவரை எல்லோரும் சவரி என்றுதான் கூப்பிடுவோம். வந்ததும் ஒரு மடக்குக் கத்தியை மேசைமேல் வைத்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அதைக் கனீஃப் என்போம்.

"அண்ணி, இந்தக் கனீஃப் என் கைய தின்னுது" என்றார்.

இடது கையை நீட்டினார். கட்டைவிரலின் வயிற்றில் குறுக்கே ஒரு பள்ளம். ஆறி, கிழிந்து, மறுபடி ஆறி, மறுபடி கிழிந்த காயம் என்று பார்த்தாலே தெரிந்தது. கத்தி, சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனில் திரும்பிய ஒரு சொல்தாவிடம் அவர் வாங்கியது. நல்ல எஃகு, வாங்கியபோது புத்தம் புதிது. ஆனால் முதுகின் இரண்டு ஓரமும் ஆலையில் வெட்டிய சதுரத்தில் அப்படியே, பிசிறுகூட எடுக்காமல் இருந்தன.

கிளாரினெட்காரருக்குக் கத்தி எதற்கு என்று கேட்பீர்கள். நாதஸ்வரத்துக்குச் சீவாளி இருப்பதுபோல கிளாரினெட்டின் வாயிலும் நாணலில் சீவிய ஒரு மெல்லிய பட்டை உண்டு. அவர்கள் ஆன்ஷ் என்பார்கள், நாம் சீவாளி என்றே வைத்துக்கொள்வோம். அது முன்பெல்லாம் பிரான்சிலிருந்து கப்பலில் பெட்டி பெட்டியாக வரும். கொடி மாறிய பிறகு அந்த வரத்து நின்றுபோனது. சவரி ஆற்றோரத்து நாணலை வெட்டிக் காயவைத்து, தானே சீவாளி செய்யப் பழகிக்கொண்டார். வலது கையில் கத்தி, இடது கை விரல்களில் சீவாளி. கத்தியின் முதுகை இடது கட்டைவிரலால் தள்ளித் தள்ளி இழைக்க வேண்டும். எவ்வளவு இழைப்பது என்பதை முடிவு செய்வது அந்தக் கட்டைவிரல்தான்.

"துணி சுத்திக்க வேண்டியதுதானடா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சுத்திப் பாத்தேண்ணே. துணி சுத்துனா எவ்ளோ இழைக்கிறேன்னு வெரலுக்குத் தெரியல. கையில இருந்த நல்ல ஆன்ஷ் ரெண்டும் கிழிஞ்சி போச்சி."

"கொஞ்ச நாள் ஆறட்டும்னு வுடு."

சவரி சிரித்தார். அழுவதற்குப் பதிலாகச் சிரிக்கிற சிரிப்பு அது. "அடுத்த வாரம் சம்பளம் குடுக்கற புது பேண்டுக்கு ஆள் எடுக்கறாங்கண்ணே. கிளாரினெட்டுக்கு ஒரே எடம். கிளாரினெட்டுக்குப் பின்னால ஒரு ஓட்டை இருக்குது பாருங்க, அத்த இந்தக் கட்டவெரலாலதான் மூடணும். காயத்த வெச்சி மூடுனா காத்து ஒழுவுது. அடி சுரம் எழும்பவே மாட்டேங்குது, பூனை மாதிரி கத்துது. ஆன்ஷ் இழைக்காம வாசிக்க முடியாது. இழைச்சா வெரல் இல்ல. எடம் கெடைக்கலன்னா இத்த வித்துட்டு மில்லுக்குப் போவேண்டியதுதான்."

அவருக்கு அந்தக் கிளாரினெட்டைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. சாப்பிடும்போதுகூட விரல்கள் தட்டின் ஓரத்தில் ஏதாவது வாசித்துக்கொண்டிருக்கும் ஆள். அவரைப் பஞ்சு பறக்கிற மில்லில் என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"முதுகு முழுக்க வழவழன்னு பண்ணிடுங்கண்ணி. ஒரு மூலகூட வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் கத்தியைச் சாணைக்கு எடுத்துப் போகப் பார்த்தார். நான் பிடுங்கிக்கொண்டேன். மெல்லிய தகடு, சாணையில் சூடேறினால் பதம் போய்விடும், அப்புறம் வாய் நிற்காது. அவருக்கும் அது தெரியும். அவசரத்தில் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும், அவ்வளவுதான். நான் அரத்தில் உட்கார்ந்தேன். கத்தியின் நடுப்பகுதியில் இரண்டு ஓரத்தையும் மழுக்கி, உப்புத்தாள் போட்டு, பஞ்சை ஓட்டிப் பார்த்தேன். பஞ்சு எங்கேயும் மாட்டவில்லை. அப்படியே நுனிவரை கொண்டுபோய் முடித்துவிட வேண்டியதுதான். எங்கள் பட்டறையின் வழக்கம் அது, கேட்டவரும் அதைத்தான் கேட்டிருந்தார்.

நுனிக்கு அரத்தைக் கொண்டுபோனபோது ஒன்று கண்ணில் பட்டது. முதுகின் ஓரங்கள் நான் இன்னும் அரம் போடாத இடத்தில் எல்லாம் மங்கிய நிறத்தில் இருந்தன. நுனிக்குச் சற்று உள்ளே, ஒரு பக்கத்து ஓரம் மட்டும் வெள்ளி மாதிரி மின்னியது. அங்கே மாவைவிட நைசான ஒரு தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன். நாணல் வாசனை.

கட்டைவிரல் அழுத்துகிற முதுகுப் பக்கத்தில் நாணல் தூளுக்கு என்ன வேலை? அரம் என் கையில் அப்படியே நின்றுவிட்டது.

"என்னா லூர்து, தூங்கிட்டியா? சாயங்காலம் வந்துடுவான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"இந்த மூல எதுக்கோ ஒழைச்சிருக்குங்க."

"எதுக்கா இருந்தா என்னா? அவன்தான முழுக்க பண்ணச் சொன்னான்? பாதியில வுட்டா பாக்கறவன் காறித் துப்புவான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. கேட்டவர் வாயால் கேட்டது எங்களிடம் இருக்கிறது, தொழில் வழக்கம் இருக்கிறது, நேரமும் இல்லை. இந்த மூன்றும் ஒரு பக்கம் நின்றன. மறுபக்கம் ஒரு சிட்டிகைத் தூள். பிள்ளைகளே, அரம் ஒரு முறை ஓடிவிட்டால் எடுத்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. விட்டதை மட்டும்தான் நாளைக்கும் எடுக்கலாம். அதனால் கத்தியை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தேன். "எங்க போற?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் சண்டையாகிவிடும் என்று பார்க்காமலே நடந்தேன்.

சவரியின் வீடு கோவிலுக்குப் பின் தெருவில். அவர் மனைவி ரோசாலி வாசலில் முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துப்போனது. கத்தி உடைந்துபோனதைச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். ஒன்றுமில்லை என்று அவளை அடக்கி, சவரியைக் கூப்பிடச் சொன்னேன்.

"தம்பி, என் கண் முன்னால ஒரு தடவ இழைச்சிக் காட்டு. கிழிஞ்சி போனதுல காட்டுனா போதும்."

ரோசாலியிடம் கொஞ்சம் மஞ்சள் இழைத்து வரச் சொன்னேன். அதைக் கத்தியின் முதுகு நெடுகப் பூசினேன். விரல் எங்கே தொடுகிறதோ அங்கே மஞ்சள் அழியும், காயத்தில் பட்டாலும் கெடுதல் இல்லை. "கத்திக்கு நலங்கு வெக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டு ரோசாலி தானே சிரித்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

சவரி ஜன்னலோரம் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். நான் எத்தனையோ கைகளைப் பார்த்தவள். சங்கராமீனைக் கண்ணை மூடிக்கொண்டு துண்டு போடும் கைகளைப் பார்த்திருக்கிறேன், கழுத்து நரம்பின்மேல் சவரக்கத்தியை ஓட்டும் கைகளைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வலது மணிக்கட்டு லேசாக உருண்டது. இடது கட்டைவிரல் முதுகில் உட்கார்ந்து, இம்மி தள்ளி, நின்றது. உட்கார்ந்த இடத்திலேயே அது இருக்கவும் இல்லை. கனமாக இழைக்கும்போது அடிப்பக்கம் இறங்கியது, மெல்லிசாக இழைக்கும்போது நடுவுக்கு ஏறியது. சீவாளியிலிருந்து சுருள் எழும்பி, மூச்சுக் காற்றில் பறந்தது. நான் மழுக்கியிருந்த இடத்தில் விரல் வந்தபோது, "வலிக்கல அண்ணி" என்று ஆச்சரியத்தோடு ஒரு வார்த்தை சொன்னார். அதன் பிறகு நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டார்.

சீவாளியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உதட்டில் வைத்து ஒரு ஊது ஊதினார். தலையைச் சாய்த்தார். பிறகு, பார்த்துக்கொண்டே இருந்த என் கண்ணெதிரே, கத்தி அவர் கையில் தலைகீழாகப் புரண்டது. வாய் மேலே வந்தது, முதுகு கீழே போனது. நுனிக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஒரு மூலையால் சீவாளியின் ஓரத்தை வருடினார். சுருள் வரவில்லை, தூள் வந்தது. மறுபடி ஊதினார், மறுபடி வருடினார். கத்தியின் வாய் கடித்துவிடும் இடத்தில் அந்த மூலை வெறுமனே துடைத்துவிட்டுப் போனது.

"இத்த ஏன் தம்பி எங்கிட்ட சொல்லல?"

"எத்த?"

"இப்ப பண்ணியே, முதுவால சொரண்டுனியே, அத்தத்தான்."

சவரி கத்தியைப் பார்த்தார். கத்தி இன்னும் தலைகீழாகத்தான் இருந்தது. அது எப்படி அப்படி ஆனது என்று அவருக்கே தெரியவில்லை. "நான் எங்க அண்ணி சொரண்டுனேன்?" என்று கேட்டு, கையைப் பார்த்து, அப்படியே அசந்துபோய் உட்கார்ந்துவிட்டார். முதுகு நெடுக மஞ்சள் இருந்தது, விரல் ஏறி இறங்கிய பாதையில் மட்டும் அழிந்திருந்தது. நுனிப் பக்கம் அந்த ஒரே ஓரத்தில் சுத்தமாகத் துடைத்ததுபோல் இரும்பு தெரிந்தது.

ஒரு மனுஷனின் கை அவனுக்கே சொல்லாமல் ஒரு வித்தையைக் கற்று வைத்திருக்கிறது. அவன் வாய் அந்த மூலையை எடுத்துவிடு என்கிறது, அவன் கை அந்த மூலையில்தான் வாழ்கிறது. நான் அவர் சொன்னபடியே நேர்மையாக வேலை செய்து கொடுத்திருந்தால், பட்டறையில் எல்லோரும் பாராட்டுகிற மாதிரி ஒரு கத்தியைக் கொடுத்து அவரை முடித்திருப்பேன். நான்கு விரல்கடை நீளமுள்ள ஒரு இரும்பில் இவ்வளவு இருக்கிறது என்பதை நினைத்தபோது கோவிலுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டேன் என்று ரோசாலி பிறகு சொன்னாள்.

திரும்பிப் போய் வேலையை முடித்தேன். அடியிலிருந்து நடுவைத் தாண்டி, விரல் மஞ்சளை அழித்திருந்த தூரம்வரை ஓரங்களை உருட்டி வழவழப்பாக்கினேன். அங்கிருந்து மழுக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நுனியில் அந்த ஒரு மூலையை மட்டும் தொடாமல் விட்டேன். கண்ணாடிப் பளபளப்பும் கொடுக்கவில்லை, நம் ஊர் வேர்வைக்கு விரல் வழுக்கிவிடும். என் வீட்டுக்காரர் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த யாருகிட்டயும் நம்ம பட்டறையில பண்ணதுன்னு சொல்ல வேணாம்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான், அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

காயம் மூடிக்கொண்டது. சவரி தினமும் இழைத்தார், தோல் கிழியவில்லை. பரீட்சை அன்றைக்கு ரோசாலி தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றதால் நாங்களும் போனோம். கடற்கரைச் சாலை ஓரம் மதில் வைத்த ஒரு பழைய கட்டடம். உள்ளே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள், மற்றவர்கள் மதிலோரம் நின்றோம். அன்று கடல் காற்று ஈரத்தோடு அடித்தது. சவரி கிளாரினெட்டைப் பூட்டி மெதுவாக ஊதிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. மறுபடி ஊதினார். அடைத்துக்கொண்ட தொண்டை மாதிரி ஒரு புஸ் மட்டும் வந்தது.

"ஊதிப் போச்சி" என்றார். சீவாளி ஈரம் குடித்து உப்பிவிட்டது என்று அர்த்தம். பெட்டியைத் திறந்து இருந்த மற்ற சீவாளிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாம் அதே கதி. உள்ளே அவருக்கு முந்தியவர் வாசித்துக்கொண்டிருந்தார். நல்ல வாசிப்பு. கையில் கப்பலில் வந்த பழைய சரக்கு மிச்சம் இருந்திருக்க வேண்டும். ரோசாலி என் கையைப் பிடித்தாள், பிடியில் என் வளையல் அழுந்தி வலித்தது.

சவரி கனீஃபை எடுத்தார். இடது கட்டைவிரல் முதுகில் உட்கார்ந்தது, இரண்டு இழைப்பு. ஊதிப் பார்த்தார், போதவில்லை. கத்தி புரண்டது. இந்த முறை தெரிந்தே புரட்டினாரோ, கை தானாகப் புரட்டியதோ, எனக்குத் தெரியாது. சாலையிலேயே நின்றபடி, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த மூலையால் சீவாளியின் ஓரத்தை வருடினார். தூளைக் காற்று கொண்டுபோனது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து குனிந்து அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து சவரிமுத்து என்று கூப்பிட்டார்கள்.

மதிலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். முதலில் ஏதோ ஒரு அணிவகுப்புப் பாட்டு, பிறகு மெதுவான ஒன்று. அதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ரோசாலி மூச்சு விடவில்லை. இன்னும் அடி சுரம் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். உள்ளே பேண்டு மாஸ்டரின் குரல் கேட்டது. "இருக்கறதுலயே கீழ சுரம், புடிச்சி நிறுத்துங்க."

ஒரு நொடி ஒன்றும் இல்லை. அலைச் சத்தம் மட்டும்தான். பிறகு அந்தச் சுரம் எழும்பியது. எல்லா ஓட்டையும் மூடி, கட்டைவிரலும் மூடி, ஒரு இழை காற்றுகூட ஒழுகாமல் வந்த சுரம். சத்தம் பெரிதில்லை. ஆனால் மதிலில் கை வைத்திருந்தேன், சுண்ணாம்பு வழியாக உள்ளங்கைக்கு வந்தது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஒரு மனுஷனுக்கு அவ்வளவு மூச்சு இருக்க முடியுமா என்று தோன்றியது. உடம்பெல்லாம் சிலிர்த்து என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நீங்கள் நாளைக்கு ஒரு கத்தியை மெருகு போடும்போது அது யார் கைக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. எங்களுக்காவது ஆள் வந்து எதிரில் நிற்பார். அதனால்தான் சொல்கிறேன், முதுகையும் கவனியுங்கள், கத்தி திரும்பி வந்தால் அது எங்கே தேய்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். வேலை செய்கிறவர்களின் கையைப் போய்ப் பாருங்கள். அவர்கள் வாய் மறந்ததைக் கை மறந்திருக்காது.

சவரி வெளியே வர வெகுநேரம் ஆனது. வந்தவர் வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். ரோசாலி ஓடிப்போய் அவருடைய இடது கையைப் பிடித்துத் திருப்பி, முதலில் கட்டைவிரலைத்தான் பார்த்தாள். ரத்தம் இல்லை. அதற்குப் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னா சொன்னாங்க?"

"பேண்டு சட்டைக்கு அளவு எடுக்க திங்கக்கெழம வரச் சொன்னாங்க" என்றார் சவரி.

ரோசாலி அந்தக் கட்டைவிரலை விடவே இல்லை. வீடு வரைக்கும், தெருவில் அத்தனை பேர் பார்க்க, குழந்தை கையைப் பிடித்துப் போவதுபோல அதைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.